இவனெல்லாம் சர்ச்சுக்குப் போறானா?

பெரம்பூர் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரம் நின்றால் போதும், இந்தப் பேச்சு காதில் விழுந்துவிடும். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கையில் ஜிப் வைத்த பைபிள் உறையோடு ஒருவர் சாலையைக் கடப்பார். பெஞ்சில் இருப்பவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பிப்பார்: "நைட்டு ஃபுல்லா தண்ணியப் போட்டுட்டு சலம்பிக்கினு இருந்தான். காலைல பாரு, பைபிளத் தூக்கிக்கினு கெளம்பிட்டான். இவனெல்லாம் சர்ச்சுக்குப் போறானா?"

கிறிஸ்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள், குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு. நான் பல வருடங்களாக ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். மேல் வகுப்புப் பிள்ளைகள் கேட்பதில் இதுதான் முதல் கேள்வி. "அங்கிள், அவரு மீட்டர் வட்டிக்கு விடுறாரு, கமிட்டிலயும் இருக்காரு. அது எப்படி?" என்பார்கள். டீக்கடைக்காரரும் பிள்ளைகளும் ஒரே கணக்கைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள்: சர்ச் என்றால் நல்லவர்கள் சங்கம், கெட்டவன் உள்ளே இருந்தால் ஒன்று அவன் போலி, இல்லை சங்கம் போலி.

இந்தக் கணக்கு கிறிஸ்தவம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதோடு பொருந்தவில்லை. நீங்கள் இதை நம்ப வேண்டும் என்று எழுதவில்லை. திட்டுவதானாலும் சரியாகத் திட்ட வேண்டும் அல்லவா, அதற்காவது இது உதவும்.

## யாரைக் கூப்பிட்டார்கள்?

சர்ச் என்றதும் மணிக்கூண்டும் பெஞ்சும்தான் நம் கண்ணுக்கு வருகின்றன. பைபிளின் பிற்பகுதியான புதிய ஏற்பாட்டில் அந்த இடத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் எக்ளேசியா. பழைய கிரேக்க நகரங்களில் குடிமக்களைக் கூப்பிட்டுக் கூட்டும் பொதுக்கூட்டத்துக்கு அந்தப் பெயர். அதைத்தான் தமிழில் சபை என்கிறோம், கத்தோலிக்கர்கள் திருச்சபை என்கிறார்கள். முதல் இரண்டு நூற்றாண்டுகளில் அவர்கள் பெரும்பாலும் வீடுகளில்தான் கூடினார்கள். ஆக, சபை என்பது கூப்பிட்டதால் வந்து கூடியவர்கள். கட்டடம் அப்புறம் வந்தது.

அப்படியானால் கூப்பிட்டவர் யார் யாரைக் கூப்பிட்டார் என்று பார்க்க வேண்டும். சுங்கச் சாவடியில் வரி வசூலித்துக்கொண்டிருந்த மத்தேயுவை இயேசு கூப்பிட்டார். ரோமானியர் ஆட்சியில் அந்தத் தொழில் செய்பவர்களை ஊரே வெறுத்தது. கூடுதலாகப் பிடுங்குவார்கள் என்று பெயர். அப்படிப்பட்ட ஆட்களோடு உட்கார்ந்து இயேசு சாப்பிட்டார். இது என்ன நியாயம் என்று மதத்தில் கறாராக இருந்தவர்கள் கேட்டபோது, வைத்தியர் நோயாளிக்குத்தான் வேண்டும், சுகமாக இருப்பவனுக்கு எதற்கு என்ற பொருளில் பதில் சொன்னார்.

இதை வைத்துத்தான் 'சபை ஒரு ஆஸ்பத்திரி' என்று பிரசங்கத்தில் அடிக்கடி சொல்வார்கள். சரியான உவமைதான், ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் மேஜைக்கு அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம். சபையில் அந்தப் பக்கம் என்று ஒன்று கிடையாது. வெள்ளை அங்கி போட்டு முன்னால் நிற்கிறவரும் காலையில் வரிசையில் நின்று ஓ.பி. சீட்டு வாங்கியவர்தான். வைத்தியர் என்று அவர்கள் சொல்வது இயேசு ஒருவரை மட்டுமே. இந்த வித்தியாசத்தை மறந்த இடங்களில்தான் பாஸ்டரைத் தலையில் தூக்கிவைத்து ஆடுவதும், அவர் ஒருநாள் சறுக்கினால் சபையே சிதறிப்போவதும் நடக்கிறது.

## ஐ.சி.எஃப்.பும் கேரேஜ் ஒர்க்ஸும்

எனக்குப் பிடித்த உவமை ஒன்று உண்டு. எங்கள் அப்பா கேரேஜ் ஒர்க்ஸில் வேலை பார்த்தவர், அதனால் இருக்கலாம்.

பெரம்பூரில் ரயில் பெட்டி சம்பந்தப்பட்ட பெரிய இடங்கள் இரண்டு. 1955-ல் ஆரம்பித்த ஐ.சி.எஃப். புதுப் பெட்டி செய்கிறது. அங்கிருந்து வெளியே வருவது பளபளவென்று இருக்கும். கேரேஜ் ஒர்க்ஸ் அப்படியில்லை. ஓடித் தேய்ந்த பெட்டிகள் அங்கே வரும். கக்கூஸ் பக்கத்துத் தகடு துருப்பிடித்து அரித்துப் போயிருக்கும், சீட் கிழிந்திருக்கும், ஜன்னல் ஷட்டர் சிக்கியிருக்கும். சக்கரப் பகுதியிலிருந்து உடம்பைத் தூக்கித் தனியாக வைப்பார்கள். அரித்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத்தகடு வைத்து வெல்டிங் அடிப்பார்கள். பிரேக் சோதித்து, பெயின்ட் அடித்து அனுப்புவார்கள். அப்படி அனுப்பும்போது அடுத்து எப்போது திரும்பி வர வேண்டும் என்ற தேதியைப் பெட்டியின் மேலேயே எழுதிவிடுவார்கள்.

அந்தத் தேதியைத்தான் நான் பிள்ளைகளுக்குக் காட்ட நினைப்பேன். ஒர்க்ஸ்காரர்களுக்குத் தங்கள் வேலைமேல் நம்பிக்கை இல்லாமல் அதை எழுதவில்லை. ஓடுகிற பெட்டி தேயத்தான் செய்யும் என்று தெரிந்து எழுதுகிறார்கள்.

டீக்கடைக்காரர் சபையை ஐ.சி.எஃப். என்று நினைத்துக்கொண்டு, துருப்பிடித்த பெட்டி உள்ளே போவதைப் பார்த்துச் சிரிக்கிறார். கேரேஜ் ஒர்க்ஸ் வாசலில் நின்று சிரிப்பது போலத்தான் அது.

உவமையை இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். பழுது இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால்தான் ஒர்க்ஸுக்குள் வேலை நடக்கும். கத்தோலிக்கப் பூசை எப்படி ஆரம்பிக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? முதல் சில நிமிடங்களிலேயே ஃபாதர் உட்பட எல்லோரும் நெஞ்சில் தட்டிக்கொண்டு "என் பாவமே, என் பாவமே" என்கிறார்கள். தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.யின் ஆராதனை முறையிலும் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கை உண்டு. முதல் பெஞ்சுக்கு ஒன்று, கடைசி பெஞ்சுக்கு ஒன்று என்று இரண்டு வாசகம் கிடையாது. பெந்தெகோஸ்தே சபைகளில் இதற்கு வேறு வழி இருக்கிறது, சாட்சி சொல்வது. அதில் எனக்கு ஒரு சின்னக் குறை. சாட்சியில் பாவமெல்லாம் எப்போதும் இறந்தகாலத்திலேயே இருக்கும். "நான் குடித்தேன், அடித்தேன், கர்த்தர் என்னைத் தொட்டார்" என்பார்கள். போன வாரம் மறுபடி விழுந்தேன் என்று மைக்கில் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. அப்படி விழுந்தவருக்குத்தான் அந்த வாரம் சபை அதிகம் தேவைப்பட்டிருக்கும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: சபை கூப்பிடப்பட்டவர்களின் கூட்டம். கூப்பிட்டதே பழுதானவர்களை. உள்ளே போவதற்கு முதலில் செய்ய வேண்டியது பழுதை ஒப்புக்கொள்வது.

## ரேஷன் கார்டில் பெயர் எப்படி ஏறுகிறது?

உவமை போதும், உள்ளே ஓடும் இயந்திரத்துக்கு வருவோம். இங்கே சில கலைச்சொற்கள் தேவை.

ரேஷன் கார்டில் உங்கள் பெயர் எப்படி ஏறியது? அந்த வீட்டில் பிறந்தீர்கள், இல்லை அந்த வீட்டுக்கு வாழ வந்தீர்கள். பத்தாம் வகுப்பில் எவ்வளவு மார்க் என்று தாலுகா ஆபீஸில் யாரும் கேட்கவில்லை. மகன் ஃபெயிலானான் என்று எந்தத் தாயும் கார்டில் பெயரை அடிக்கக் கொடுப்பதில்லை. வீட்டில் திட்டு விழும், அது வேறு.

சபையில் பெயர் ஏறுவதும் இந்த வகைதான். சம்பாதிக்காமல் கிடைக்கும் இந்தத் தயவுக்குக் கிருபை என்று பெயர். கத்தோலிக்கர்கள் அருள் என்பார்கள். பெயர் ஏறுவதற்கான சடங்கு ஞானஸ்நானம், தண்ணீரால் கொடுக்கப்படுவது. கைக்குழந்தைக்குக் கொடுக்கும் சபைகளும் உண்டு, வளர்ந்தவர்களுக்கு மட்டுமே கொடுக்கும் சபைகளும் உண்டு. இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்வது, அது நன்னடத்தைக்குக் கொடுக்கும் பரிசு இல்லை என்பதை.

அடுத்து, அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இரண்டு விஷயங்கள். கடவுள் ஒருவரை ஏற்றுக்கொண்டு தன்னோடு சரியான உறவில் நிறுத்துவதை நீதிமானாக்கப்படுதல் என்கிறார்கள். அப்படி ஏற்கப்பட்டவர் நாளாக நாளாக மாறுவதைப் பரிசுத்தமாகுதல் என்கிறார்கள். முதலாவது வாசல், இரண்டாவது வாசலைத் தாண்டிய பிறகு நடக்கும் நடை. மாறிவிட்டு வா என்பது கிறிஸ்தவப் போதனையின் வரிசை கிடையாது; வந்த பிறகு மாறு என்பதே வரிசை. இந்த இரண்டும் எப்படிக் கோர்த்திருக்கின்றன என்பதில்தான் 16-ம் நூற்றாண்டில் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தை ஆரம்பித்த மார்ட்டின் லூத்தருக்கும் ரோமில் இருந்த கத்தோலிக்கத் தலைமைக்கும் பெரிய சண்டை. ஏற்கப்பட்ட மனிதன் ஒரே நேரத்தில் நீதிமானாகவும் பாவியாகவும் இருக்கிறான் என்றார் லூத்தர். கத்தோலிக்கர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. ஆனாலும் 1999-ல் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் சேர்ந்து ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன: நாம் செய்த புண்ணியத்தால் நாம் ஏற்கப்படவில்லை, கிருபையால்தான் என்று. நானூறு வருடத்துக்கு மேல் நடந்த சண்டைக்கு அப்புறம் அவ்வளவாவது ஒத்துப்போனார்கள்.

## 'பரிசுத்தவான்' என்றால் குறையே இல்லாதவரா?

இல்லை. பைபிளில் பரிசுத்தம் என்பதற்கு அடிப்படைப் பொருள், தனியாக எடுத்து வைக்கப்பட்டது என்பது. கல்யாணப் புடவையை நினைத்துக்கொள்ளுங்கள். பீரோவில் தனியாக இருக்கும். சாம்பார் சிந்திக் கறை பட்டால் அம்மா பதறுவாள், துவைக்கக் கொடுப்பாள். அதற்காக அது கரித்துணி ஆகிவிடாது, அது கல்யாணப் புடவைதான்.

ஆரம்பகாலச் சபைகள் பலவற்றை நிறுவிய பவுல், கொரிந்து நகரச் சபைக்கு எழுதிய முதல் நிருபத்தை, அதாவது கடிதத்தை, எடுத்துப் படித்துப் பாருங்கள். ஆரம்பத்திலேயே அவர்களைப் பரிசுத்தவான்களாகும்படி அழைக்கப்பட்டவர்கள் என்று விளிக்கிறார். அப்புறம் பக்கம் பக்கமாகத் திட்டு! நான் பவுல் கட்சி, நான் அப்பொல்லோ என்ற இன்னொரு போதகர் கட்சி என்று பிரிந்து கிடந்தார்கள். ஒருவர்மேல் ஒருவர் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். இயேசுவை நினைத்து எல்லோரும் சேர்ந்து உண்ணும் கர்த்தருடைய பந்தியிலேயே சிலர் பசியோடு உட்கார்ந்திருக்க, வேறு சிலர் குடித்து வெறித்திருந்தார்கள். டீக்கடைக்காரர் சொல்லும் ஆள் பெரம்பூரில் புதிதாக முளைத்தவர் இல்லை, கொரிந்துவிலேயே இருந்தார். பவுல் அந்த விளிப்பை வாபஸ் வாங்கவில்லை. நீங்கள் இப்படி அழைக்கப்பட்டவர்களாயிற்றே, அப்புறம் ஏன் இப்படி நடக்கிறீர்கள் என்பதுதான் அவருடைய வாதமே.

## வலையும் தண்ணீர் லாரியும்

'நல்லவர்கள் மட்டும்' என்று சபை நடத்திப் பார்த்தவர்களும் சரித்திரத்தில் உண்டு. கி.பி. 303-ல் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன், கிறிஸ்தவர்கள் தங்கள் வேத நூல்களை ஒப்படைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். மறுத்தவர்களில் பலர் செத்தார்கள். உயிருக்குப் பயந்து ஒப்படைத்தவர்களும் இருந்தார்கள். இந்தத் துன்புறுத்தல் முடிந்ததும் வட ஆப்பிரிக்காவில் கேள்வி வெடித்தது: அப்படி ஒப்படைத்த ஆயர், அதாவது பிஷப், கொடுத்த குருப்பட்டம் செல்லுமா? செல்லாது என்று ஒரு கூட்டம் தனியாகப் பிரிந்தது. அவர்களுடைய தலைவர் டோனாட்டஸ் பெயரால் அவர்களை டோனாட்டிஸ்டுகள் என்கிறார்கள். அவர்களைச் சட்டென்று எள்ளிவிட முடியாது. பக்கத்து வீட்டுக்காரன் செத்தான், இவன் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் பிழைத்தான், இப்போது இவன் கையால் பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பமா என்று ஒருவருக்குக் குமட்டினால் அது நியாயமான குமட்டல்தான்.

நூறு வருடம் கழித்தும் ஓடிய இந்தச் சண்டையில் ஹிப்போ நகர ஆயர் அகஸ்டின் இரண்டு பதில்கள் சொன்னார். இரண்டையும் நம்மூருக்குக் கொண்டுவந்து சொல்கிறேன்.

முதல் பதில் வலை. கடலில் போட்ட வலை எல்லா வகை மீனையும் வாரிக்கொண்டு வரும், கரைக்கு வந்த பிறகே பிரிப்பார்கள் என்று மத்தேயு நற்செய்தியில் இயேசு சொன்ன உவமை அது. காசிமேட்டில் விடிகாலையில் போய்ப் பாருங்கள். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, நண்டு, கோழித் தீவனத்துக்குப் போகிற கழிவு மீன், நடுவில் பிளாஸ்டிக் கவர், எல்லாம் ஒன்றாகத்தான் வந்து விழும். தரம் பிரிப்பது கரையில், அதுவும் மனிதர் கையால். வலைக்குள் கிடக்கும் ஒரு சங்கரா பக்கத்து நெத்திலியைப் பார்த்து நீ வெளியே போ என்று சொல்வதில்லை. கரை என்பது கடைசி நாள், பிரிப்பவர் கடவுள், அதுவரை சபை கலப்படமாகத்தான் இருக்கும் என்றார் அகஸ்டின்.

இரண்டாவது பதில் கொஞ்சம் நுட்பமானது. ஞானஸ்நானமும் நற்கருணையும் கிறிஸ்துவுடையவை, கொடுக்கிற ஆளின் ஒழுக்கத்தால் அவை செல்லாமல் போகாது. மெட்ரோ தண்ணீர் லாரி டிரைவர் எவ்வளவு சிடுமூஞ்சியாக இருந்தாலும், குடத்தில் விழுவது புழல் ஏரித் தண்ணீர்தானே. அப்படியானால் ஆயர் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாமா? கூடாது. லாரிக்காரர் தெருவில் இடித்துத் தள்ளினால் லைசென்ஸ் போகத்தான் வேண்டும். அதற்காகக் குடத்தில் பிடித்த தண்ணீரைக் கொட்டத் தேவையில்லை, அவ்வளவுதான்.

411-ல் கார்த்தேஜில் இரு தரப்பையும் உட்காரவைத்து நடத்திய விசாரணையில் தீர்ப்பு டோனாட்டிஸ்டுகளுக்கு எதிராகப் போனது. அப்புறம் அரசாங்கம் அவர்களை வற்புறுத்திச் சபையில் சேர்க்கக் கிளம்பியபோது அதை ஆதரித்து எழுதியவர் இதே அகஸ்டின். கலப்படச் சபைக்கு வாதாடிய மனிதரிடமும் கலப்படம் இருந்தது.

பிற்காலத்தில் கத்தோலிக்கத் திருச்சபை 1964-ல் வெளியிட்ட இரண்டாம் வத்திக்கான் சங்க ஏட்டிலும் இதே எண்ணம்தான் இருக்கிறது: திருச்சபை பாவிகளைத் தன் மடியிலேயே வைத்திருக்கிறது, அது பரிசுத்தமானது, அதே சமயம் எப்போதும் சுத்திகரிக்கப்பட வேண்டியது. சபையின் பரிசுத்தம் என்பது உறுப்பினர்களின் மார்க்கைக் கூட்டி வகுத்து எடுத்த சராசரி இல்லை. அது கூப்பிட்டவரிடமிருந்து வருகிறது என்பதுதான் அவர்கள் கணக்கு.

## அப்போ என்ன வேண்டுமானாலும் செய்யலாமா?

டீக்கடைக்காரரின் அடுத்த கேள்வி இது. இதில்தான் சபைகள் அதிகம் தவறு செய்வதாக நினைக்கிறேன்.

இடம் உண்டு என்பதும், செய்ததற்குக் கேள்வி இல்லை என்பதும் வேறு வேறு. மத்தேயு 18-ம் அதிகாரத்தில் வழிமுறையே இருக்கிறது: தப்பு செய்தவரிடம் முதலில் தனியாகப் பேசு, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் மசியாவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து, சபைக்கும் அடங்காவிட்டால் அவரை வெளியாளாக எண்ணு. இதற்குச் சபை ஒழுங்கு என்று பெயர். இதே கொரிந்துச் சபையில் தகப்பனின் மனைவியோடு வாழ்ந்தவனை வெளியேற்றச் சொன்னவர் பவுல்தான். அடுத்த நிருபத்தில், தண்டிக்கப்பட்ட ஒருவரைக் குறிப்பிட்டு, போதும், இனி மன்னித்துத் தேற்றுங்கள் என்கிறார். இரண்டும் ஒரே ஆளா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வெளியே அனுப்புவதும் திரும்பக் கொண்டுவரத்தான் என்ற நோக்கம் தெளிவு. கத்தோலிக்க முறையிலும் கனமான பாவம் செய்தவர் அதைக் குருவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத்தான் நற்கருணை வாங்க வேண்டும். அதுவரை பூசைக்கே வராதே என்று சொல்வதில்லை.

மன்னிப்புக் கிடைத்ததால் நஷ்டஈடு தேவையில்லை என்று முடிச்சுப் போடாதீர்கள். சகேயு என்ற வரி வசூல் தலைவன் வீட்டுக்கு இயேசு போனார். ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சகேயு எழுந்து நின்று சொன்னான். மன்னிக்கப்பட்டுவிட்டேன், இனி எதற்குப் பணம் என்று கேட்கவில்லை. மீட்டர் வட்டிக்காரரைப் பற்றிக் கேட்கும் பிள்ளைகளுக்கு நான் காட்டும் இடம் இது. அவருக்குப் பெஞ்சில் இடம் உண்டு. கமிட்டியில் இடம் உண்டா என்பது வேறு கேள்வி. சபைத் தலைமைக்கு வருபவர் பண ஆசை இல்லாதவராக இருக்க வேண்டும் என்று புதிய ஏற்பாடு தனியாகவே எழுதி வைத்திருக்கிறது.

பிள்ளைகள்மேல் கை வைப்பவர் விஷயத்தில் 'நாமெல்லாம் பாவிகள்தானே' என்ற பேச்சுக்கே இடமில்லை. 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி, அப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். ஜெபம் பண்ணி மூடிவைக்கச் சட்டத்தில் வழி கிடையாது, மேலே சொன்ன போதனையிலும் கிடையாது.

இன்னொன்று, நான் பார்த்துப் பார்த்துக் கசந்தது. குறையுள்ளவர்களுக்கு இடம் உண்டு என்ற வசனம் ஆளைப் பார்த்து நீளும், ஆளைப் பார்த்துச் சுருங்கும். காசு உள்ளவர் தப்பு செய்தால் "யாருதான் சுத்தம்?" என்பார்கள். ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட பெண் வந்தால் பெஞ்சில் இரண்டு பேர் நகர்ந்து உட்கார்வார்கள். தங்க மோதிரக்காரனுக்கு நல்ல ஆசனம், அழுக்குச் சட்டைக்காரனுக்குத் தரை என்று பிரிக்காதீர்கள் என்று யாக்கோபு நிருபத்தில் அன்றே எழுதியாகிவிட்டது. ஆக, அன்றும் இது நடந்திருக்கிறது.

சுருக்கமாக: இடம் எல்லோருக்கும். கேள்வியும் எல்லோருக்கும். பொறுப்பு எல்லோருக்கும் கிடையாது.

## ராயப்பர் பேட்டை

கடைசியாக நம்மூர்ச் சமாச்சாரம் ஒன்று. ராயபுரம் என்ற பெயர் ராயப்பர் என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். இயேசுவின் சீடரான மீனவர் பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் வைத்த பழைய பெயர் ராயப்பர். அங்கே அவர் பெயரில் படகுக்காரச் சமூகத்தார் கட்டிய பழைய கோயில் இன்றும் இருக்கிறது. மீனவர் குப்பத்துக்கு மீனவர் பெயர், பொருத்தம்தான்.

அந்த மீனவர் என்ன செய்தார்? இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரி, பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் மூட்டியிருந்த கரிநெருப்பில் குளிர் காய்ந்துகொண்டு, அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை சொன்னார். வாளைக் கண்டு இல்லை, ஒரு வேலைக்காரப் பெண் கேட்டதற்கே ஆரம்பித்தது அந்த மறுப்பு.

யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் கலிலேயா ஏரிக்கரை வருகிறது. ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல், விடிகாலையில் கரையில் நின்றவர் சொல்லித் திரும்பப் போட்டதில் வலை நிறைந்தது. கரைக்கு வந்தால் மறுபடியும் கரிநெருப்பு. அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். உயிர்த்தெழுந்த இயேசு, வந்து சாப்பிடுங்கள் என்கிறார். சாப்பிட்டு முடித்த பிறகே பேதுருவிடம் கேட்கிறார், என்னை நேசிக்கிறாயா என்று. மூன்று முறை. மூன்றாவது தடவை பேதுருவுக்கு மனம் நொந்துபோகிறது. ஒவ்வொரு பதிலுக்கும் கிடைப்பது ஒரே வேலை: என் ஆடுகளைப் பார்த்துக்கொள். இனிமேல் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடு என இயேசு கேட்கவில்லை.

பேதுரு அப்புறமும் சறுக்கினார். அந்தியோக்கியாவில் யூதர் அல்லாத விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், அப்படிச் சாப்பிடுவதைத் தப்பென்று நினைத்த ஆட்கள் எருசலேமிலிருந்து வந்ததும் பயந்து தட்டோடு ஒதுங்கிக்கொண்டார். பவுல் எல்லோர் முன்னாலும் நேருக்கு நேராக அவரைக் கண்டித்தார். அதைப் பவுலே கலாத்தியருக்கு எழுதி வைத்திருக்கிறார். ஒர்க்ஸில் பெயின்ட் அடித்து அனுப்பிய பெட்டி தேதிப்படி திரும்பி வந்திருந்தது.